தொட்ட குளமும் அடைக்கலமும்: தென் தாய்லாந்து அருங்காட்சியகத்தில் ஒரு தமிழ்க் கல்

பாங்கொக்கில் மாலையில் புகையிரதம் ஏறினால் மறுநாள் காலை நக்கோன் சி தம்மராட்டில் இறங்கலாம். மலாயத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீற்றர் தெற்கே உள்ள பழைய நகரம் அது. பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் எங்களுக்கே விளங்கிவிடும்: நகர, ஸ்ரீ, தர்மராஜ. ஃபூக்கெட்டுக்கும் கிராபிக்கும் போகும் வெளிநாட்டுக் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. நான் போனது அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லைப் பார்ப்பதற்காக. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழில் எழுதப்பட்ட கல் அது.

அந்தக் கல்லைப் பற்றி மாணவப் பருவத்திலேயே ஒரு வரி படித்திருக்கிறேன். தமிழர் கடல் கடந்து வணிகம் செய்தார்கள் என்பதற்கு அது ஒரு சான்று என்று அந்த வரி சொன்னது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அது சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பெருமைப்பட அது போதுமாக இருந்தது. பின்னர், இடப்பெயர்வும் முகாமும் மீள்குடியேற்றமும் எல்லாம் கடந்த பிறகு, அந்தக் கல்வெட்டின் வாசகத்தை முதன்முதலாக முழுமையாக வாசித்தேன். அதில் வெற்றி எதுவும் இல்லை. ஒரு குளம் இருந்தது. அதன் கடைசிச் சொல் 'அடைக்கலம்'.

அருங்காட்சியகத்துக்குள்

நகரின் நீண்ட பெருந்தெருவான ராட்சதம்னோன் வீதியில், புகழ்பெற்ற மகாதாது விகாரைக்குத் தெற்கே அருங்காட்சியகம் இருக்கிறது. தாய்லாந்தின் மாகாண அருங்காட்சியகங்கள் வழக்கமாகத் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். நான் போனது ஒரு புதன்கிழமை. பாடசாலைப் பிள்ளைகள் சிலரையும் ஓர் ஆசிரியையையும் தவிர வேறு பார்வையாளர் இல்லை.

முதலில் கண்ணில் படுபவை வரலாற்றுக்கு முந்திய கற்கருவிகளும் வெண்கல முரசுகளும். இந்த முரசுகள் வட வியட்நாமில் தோன்றிய தொங் சோன் பண்பாட்டைச் சேர்ந்த வகை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல் வழியாக இந்த மாகாணத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மேற்பரப்பின் நடுவில் கதிர் வீசும் விண்மீன் வடிவம். இந்தியத் தொடர்பு அழுத்தமாகத் தெரியத் தொடங்கும் முன்பே இந்தக் கரை வெறுங்கரையாக இருக்கவில்லை என்பதற்கு இவை சாட்சி. 'நாங்கள் போய்த்தான் நாகரிகம் கொடுத்தோம்' என்று யாராவது சொன்னால், முதலில் இந்த முரசுகளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

அடுத்து விஷ்ணு சிலைகள். இடுப்பில் சங்கை அணைத்தபடி நிற்கும் ஒரு வகை விஷ்ணு உருவம் இந்தத் தீபகற்பத்தில் கிடைத்திருக்கிறது. அறிஞர்கள் இவற்றுள் பழையவற்றைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள். தென்கிழக்காசியாவில் கிடைத்த மிகப் பழைய விஷ்ணு உருவங்களில் இவையும் அடங்கும். அதன் பின் சிவலிங்கங்கள். இந்த மாகாணத்தின் சிச்சோன், தா சாலா பகுதிகளில் சிவ வழிபாட்டு இடங்களின் அடித்தளங்கள் பல இருக்கின்றன. சிச்சோனில் உள்ள கவ் கா என்ற சிறு குன்று முழுவதுமே ஒரு சிவதலமாக இருந்திருக்கிறது.

நகருக்குள்ளேயே இரண்டு சிறிய பிராமணக் கோயில்கள் வீதியின் இரு பக்கமும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று ஈசனுக்கு, மற்றது நாராயணனுக்கு. 'ஹோ பிரா இசுவன்', 'ஹோ பிரா நாராய்' என்பன தாய் மொழிப் பெயர்கள். ஈசன் கோயிலில் இருந்த நடராசர், உமை, பிள்ளையார் ஆகிய வெண்கல உருவங்கள் இப்போது அருங்காட்சியகப் பாதுகாப்பில் உள்ளன. நடராசரின் முகம் எங்கள் ஊர் முகம் போல இருக்கவில்லை. உள்ளூர்க் கைவினைஞன் தான் கண்ட முகத்தையே வார்த்திருக்கிறான் என்று தோன்றியது.

ஈசன் கோயிலின் அருகே ஓர் ஊஞ்சல் தூண் நிற்கிறது. பாங்கொக்கில் உள்ள பெரிய ஊஞ்சலைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். இந்த ஊஞ்சல்களோடு தொடர்புடைய விழாவுக்குத் தாய் மொழியில் 'திரியம்பவாய் – திரிபவாய்' என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்ற இரண்டு பெயர்களின் சிதைந்த வடிவமே அது. பாங்கொக்கின் அரசவைப் பிராமணர்கள் இன்றும் அந்த விழாவில் பழைய தமிழ்ப் பாசுரங்களின் சில பகுதிகளை, பொருள் மறந்து, ஒலி மட்டும் காத்து ஓதுகிறார்கள். அவர்களுடைய மரபின் வேர்களில் ஒன்று இந்த நக்கோன் நகரம். மார்கழியில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிக்கொண்டு ஒழுங்கைகளில் போன நாட்கள் நினைவில் உள்ளவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் நெஞ்சில் தங்கும்.

கல்லில் இருப்பது

நான் தேடி வந்த கல் பெரியதல்ல. உடைந்தது, தேய்ந்தது. கண்ணுக்கு உடனே தமிழ் என்று தெரியாது. அது 9ஆம் நூற்றாண்டு எழுத்து. கைப்பேசியில் அறிஞர்களின் வாசிப்பை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபோதுதான் 'ம'வும் 'ட'வும் மெல்ல முகம் காட்டின. சில எழுத்துகளைக் கடைசிவரை என்னால் பிடிக்க முடியவில்லை.

கல் கிடைத்த இடம் இந்த நகரம் அல்ல. தீபகற்பத்தின் மறு கரையில், அந்தமான் கடற்பக்கத்தில் உள்ள தக்குவாபா ஆற்றுப் பகுதி, பிரா நாராய் குன்று. அதே இடத்தில் மூன்று பெரிய கற்சிலைகளும் இருந்தன. நடுவில் விஷ்ணு, பக்கங்களில் இரண்டு துணை உருவங்கள். ஒரு பெரிய மரம் அவற்றைச் சுற்றி வளர்ந்து தன் உடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிலைகள் இப்போது ஃபூக்கெட் தீவின் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழுத்துள்ள கல் இங்கே.

கல்வெட்டை முதலில் வாசித்து 1913இல் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ். பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைத் திருத்தமாக ஆராய்ந்தார். தொடக்கப் பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சியதன் பொருள் இதுதான்: நாங்கூர் உடையான் ஒருவன் தொட்ட குளத்தின் பேர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் இன்னொரு பகுதியாருக்கும் அடைக்கலம். அந்த மூன்றாவது பகுதியாரின் பெயர் கல்லில் சிதைந்திருக்கிறது.

ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

'தொட்ட' என்றால் தோண்டிய என்று பொருள். தொடுதல் என்பது தோண்டுதலைக் குறிக்கும் பழைய தமிழ் வழக்கு. 'நாங்கூர்' சோழநாட்டில் சீர்காழிப் பக்கத்து ஊர் என்று கருதப்படுகிறது. 'அவனிநாரணம்' என்ற பெயர்தான் காலத்தைக் காட்டுகிறது. அவனிநாராயணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அவன் 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டவன். ஆகவே குளத்துக்கு அரசனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

'மணிக்கிராமத்தார்' ஒரு வணிகக் குழுவினர். இதே காலத்தில், கி.பி. 849இல், கேரளக் கரையின் கொல்லத்தில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளிலும் மணிக்கிராமம் வருகிறது. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து மலாயத் தீபகற்பம் வரை அவர்கள் இயங்கியிருக்கிறார்கள். 'சேனாமுகத்தார்' படைக்காவல் செய்தோர் என்று கொள்ளப்படுகிறது. கடற்கொள்ளையும் வழிப்பறியும் இருந்த காலத்தில் வணிகக் குழுக்கள் தங்கள் காவலர்களோடுதான் பயணம் செய்தன.

தக்குவாபாவுக்கு ஏன் வந்தார்கள்? அக்காலக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பி ஓடின. ஒரு காற்றில் வந்தவர்கள் எதிர்க்காற்று எழும்வரை மாதக்கணக்கில் தங்க வேண்டும். தீபகற்பம் இந்த இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. மேற்குக் கரையில் சரக்கை இறக்கி, ஆற்று வழியும் தரை வழியுமாகக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேறு கப்பலில் சீனத்துக்கு ஏற்றலாம். தக்குவாபா ஆற்றின் முகத்தில் உள்ள கோ கோ கவ் தீவில் சீனத்துத் தாங் காலப் பீங்கான்களும், மேற்காசியக் கண்ணாடிகளும், மணிகளும் கிடைத்தன. கிழக்குக் கரையில் சையா அருகே லேம் போ என்ற இடத்திலும் அதே வகைப் பொருட்கள் கிடைத்திருக்கின்றன.

கடற்கரையில் காற்றுக்காகக் காத்திருப்பவனுக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர். அதனால் ஒருவன் குளம் தொட்டான். தான் திரும்பிப் போக வேண்டியவன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். போன பிறகு குளத்தை யார் பார்ப்பது? அதற்காகத்தான் அந்தக் கல். குளத்தை இன்னார் இன்னாருடைய பாதுகாப்பில் ஒப்படைத்தேன் என்ற பதிவு அது.

குளம் என்றால் என்ன என்று வன்னி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே குளத்தின் பெயர்தான் பல இடங்களில் ஊரின் பெயர். கனகராயன்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம். குளம் உடைந்தால் ஊர் கலையும், குளம் நிரம்பினால் ஊர் திரும்பும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, அதை எழுதச் சொன்னவன் பெரிய வணிகனா சிறிய வணிகனா என்று நான் யோசிக்கவில்லை. இவன் குளத்தின் அருமை தெரிந்த ஊரிலிருந்து வந்தவன் என்று மட்டும் நினைத்தேன்.

இன்னும் பழைய எழுத்துகள்

தாய்லாந்தில் கிடைத்த மிகப் பழைய தமிழ் எழுத்து இந்தக் கல் அல்ல. ரனோங் மாகாணத்தின் பூ கவ் தோங் என்ற இடத்தில் தாய்லாந்து, பிரெஞ்சு ஆய்வாளர்கள் இணைந்து நடத்திய அகழ்வில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஒரு பானை ஓடு கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார்.

கிராபி மாகாணத்தின் குலோங் தோம் என்ற இடத்தில் 'மணிமேடு' என்று பொருள்படும் பெயருடைய தொல்லிடம் உண்டு. மழை பெய்தால் மண்ணிலிருந்து மணிகள் எழும் இடம். அங்கு கிடைத்த ஒரு சிறிய கல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் தட்டானின் உரைகல் அது. கி.பி. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டுக்கு உரியது. பெரும்பதன் என்ற தட்டானின் பெயர் அதில் கீறப்பட்டிருக்கிறது. இன்று அதை அங்குள்ள விகாரையின் அருங்காட்சியகம் காத்து வருகிறது.

பானை ஓடு, உரைகல், குளத்துக் கல். மூன்றும் வேலை செய்து பிழைத்த மனிதர்களின் தடயங்கள்.

வணிகர் மட்டும் வரவில்லை

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1025இல் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இந்தப் பகுதியைத் தாக்கியது. தஞ்சைக் கல்வெட்டில் அவன் வென்ற இடங்களின் பட்டியலில் வரும் 'மாதமாலிங்கம்' என்பது தாம்பிரலிங்கம், அதாவது இந்த நக்கோன் சி தம்மராட்டின் பழைய அரசு. 'தலைத்தக்கோலம்' என்பதைத் தக்குவாபாப் பகுதியோடு சேர்த்துப் பார்ப்போரும் உண்டு. குளம் தொட்ட மொழியைப் பேசியவர்களே இருநூறு ஆண்டுக்குள் படையோடும் வந்தார்கள். எங்களில் பலருக்கு இராசேந்திரனின் பெயர் தெரியும். நாங்கூர் உடையானைத் தெரியாது. எங்கள் மேடைகளும் பாடநூல்களும் எதை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பழக்கின என்பதை இது காட்டுகிறது.

படை எதிர்த்திசையிலும் போனது. 13ஆம் நூற்றாண்டில் தாம்பிரலிங்கத்தை ஆண்டவன் சந்திரபானு. சையாவில் கிடைத்த 1230ஆம் ஆண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டு அவனைத் தாம்பிரலிங்கத்தின் தலைவன் என்று சொல்கிறது. 1247இல் அவன் கப்பற்படையோடு இலங்கைக்கு வந்தான். தம்பதெனியாவில் இரண்டாம் பராக்கிரமபாகு ஆண்ட காலம். தாங்களும் பௌத்தர்களே என்று சொல்லிக்கொண்டு வந்த படை அது என்று சூளவம்சம் எழுதுகிறது. தெற்கில் தோற்ற சந்திரபானு வடக்கில் ஆட்சியை அமைத்துக்கொண்டான். பின்னர் தமிழ்ப் போர்வீரர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடியும் தெற்கைத் தாக்கினான். 1262, 1263 அளவில் வீரபாண்டியனின் படையோடு நடந்த போரில் கொல்லப்பட்டான். பாண்டியர் அவன் மகனுக்கு அரசுரிமை கொடுத்ததைப் புதுக்கோட்டை அருகே குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. அதில் அவர்கள் 'சாவகன்', 'சாவகன் மைந்தன்'. சாவகச்சேரி என்ற பெயரை அந்தச் சாவகரோடு தொடர்புபடுத்தும் வரலாற்றாசிரியர்கள் பலர்.

ஒரு பௌத்த அரசன் தாய்லாந்துக் கரையிலிருந்து வந்து, இன்னொரு பௌத்த அரசனோடு மோதி, யாழ்ப்பாணத்தை ஆண்டு, தமிழ் வீரர்களைச் சேர்த்துக்கொண்டு, தமிழ் மன்னன் ஒருவனின் படையிடம் தோற்று இறக்கிறான். இதில் யார் எங்கள் பக்கம்? இன்று எங்களுக்குச் சொல்லப்படும் இரு பக்கக் கதைகளில் எதற்குள்ளும் சந்திரபானு அடங்கமாட்டான். அருங்காட்சியகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இலங்கை வடிவில் எழுந்து நிற்கும் மகாதாது தூபியும் அப்படித்தான். இந்த நகரத்தார் இலங்கையிலிருந்து பௌத்த மரபைப் பெற்றுக்கொண்டார்கள். புத்தரின் தந்தத் தாதுவோடு இலங்கைக்குப் புறப்பட்ட இளவரசனும் இளவரசியும் கப்பல் உடைந்து இங்கே கரையேறினார்கள் என்பது ஊர்க் கதை.

அடைக்கலம் என்ற சொல்

இந்தச் சொல்லுக்கு இப்போது எங்களிடம் வேறு கனம் இருக்கிறது. 2010இல் சன் சீ என்ற பழைய சரக்குக் கப்பல் தாய்லாந்துக் கடலிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் மாதம் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் 492 தமிழர் இருந்தார்கள். போகாமல் பாங்கொக்கிலேயே ஒதுங்கி வாழ்ந்தவர்களும் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை. அதனால் ஐ.நா. அகதி அட்டை இருந்தாலும், விசா முடிந்தவர் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியே. குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் கதைகள் எங்கள் எல்லாக் குடும்ப வட்டத்திலும் ஒன்றாவது இருக்கும்.

அதே நாட்டின் கண்ணாடிக்குள் 'அடைக்கலம்' என்ற தமிழ்ச் சொல் பத்திரமாக இருக்கிறது. கல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஆளுக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதாமல் அந்தக் கல்லை நான் வியக்க முடியாது.

தாய்லாந்தும் எல்லா வரலாற்றையும் இப்படி ஆறுதலாக வைத்திருக்கவில்லை. இன்னும் தெற்கே, மலாய் முஸ்லிம்கள் வாழும் பட்டாணியில் 2004 முதல் மோதல் தொடர்கிறது. பட்டாணி அரசிடமிருந்து 1786இல் கைப்பற்றப்பட்ட 'பாயா தானி' என்ற பெரிய பீரங்கி இன்றும் பாங்கொக்கில் பாதுகாப்பு அமைச்சின் முன்னால் நிற்கிறது. பட்டாணி மக்கள் அதைத் தங்களுடையது என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வணிகனின் கல்லை ஏற்றுக்கொள்வது எளிது. அவனுக்குப் பேரப்பிள்ளைகள் இங்கே காணி கேட்டு நிற்கவில்லை.

அப்படியிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கல்லைத் தமிழ்க் கல் என்றே இங்கே சொல்கிறார்கள். விஷ்ணுவை விஷ்ணு என்றும் லிங்கத்தை லிங்கம் என்றும் சொல்கிறார்கள். பெரும்பான்மையோர் பௌத்தரான நாட்டில், ஒரு பௌத்த நகரத்தில், இவற்றால் தங்கள் உரிமை குறைந்துவிடும் என்று யாரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. இந்த நிலத்துக்கு வந்துபோன எல்லோருடைய கதையும் இந்த நிலத்தின் கதைதான் என்பது அந்த அறைகளின் ஒழுங்கில் தெரிகிறது.

எங்கள் ஊர்களில் ஒரு கல் மண்ணுக்கு மேல் வந்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் அறிவோம். முதலில் பலகை வரும், பிறகு வேலி வரும். வயலுக்குப் போனவன் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். ஆகவே கல்லைக் கண்டால் மண்ணைப் போட்டு மூடிவிடு என்று சொல்லும் கமக்காரர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி மூடப்படும் ஒவ்வொரு கல்லோடும் ஒரு பெரும்பதனும் ஒரு நாங்கூர் உடையானும் திரும்பவும் புதைகிறார்கள். கல் காணி உறுதியாக மாறிவிட்ட நாட்டில் யாருமே வரலாற்றை வாசிக்க முடிவதில்லை.

நாங்களும் கவனமாக இருக்க வேண்டும். தக்குவாபாக் கல்லைக் காட்டி 'தாய்லாந்தும் எங்கள் நாடு' என்று யாராவது முகநூலில் எழுதினால், அது எங்கள் வயலில் பலகை நடுபவனின் அதே நியாயம். அந்தக் கல் எங்களுக்கு எந்த நிலத்தையும் உரிமையாக்கவில்லை. எங்களவன் ஒருவன் அங்கே எல்லோருக்கும் வேண்டிய ஒரு வேலையைச் செய்தான், அதைக் காக்கும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைத்தான் என்பதையே சொல்கிறது.

நான் நெடுநேரம் ஒரே கல்லின் முன் நின்றதைக் கண்டு அங்கு காவலுக்கு இருந்த வயதான அம்மா அருகே வந்தார். எங்களுக்குள் பொது மொழி இல்லை. கல்லைக் காட்டி, என்னைக் காட்டி, கையால் வாசிப்பது போலச் சைகை செய்தார். உன்னால் வாசிக்க முடியுமா என்று கேட்கிறார் என்று புரிந்தது. கொஞ்சம் என்று விரல்களால் காட்டினேன். எனக்குத் தெரிந்த சொல்லைச் சத்தமாகச் சொன்னேன்: குளம். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். 'ள' அவருக்கு 'ல' ஆனது. பொருள் என்ன என்று கண்ணால் கேட்டார். இரு கைகளையும் குவித்துத் தண்ணீர் அள்ளிக் குடிப்பது போலக் காட்டினேன். அவர் தலையசைத்துச் சிரித்தார். பிறகு அந்தப் பாடசாலைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கல்லைக் காட்டி, தாய் மொழியில் ஏதோ சொன்னார். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.